குடல் வியாதியும் மருந்துப் பரீட்சையும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், சபையில் சொல்லப் பலரும் கூச்சப்படுகிற விஷயமாகும். மலத்தில் இரத்தம் போவதும், ஓயாத வயிற்றுப்போக்கும், வலியும், மெலிவும் மாதக்கணக்கில் நீடிக்கிற குடல் அழற்சி வியாதியையே சொல்லுகிறோம். இதில் முக்கியமானவை இரண்டு. பெருங்குடலின் உட்புறம் புண்ணாகிப் போவது ஒன்று. மற்றொன்று, 1932-ல் நியூயார்க்கில் குரோன் என்னும் வைத்தியரும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் விவரித்து எழுதிய குரோன் வியாதி. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலைப் புண்ணாக்குவதுதான் இவற்றில் நடப்பது.

இவ்வியாதிக்கு ஒரு குணமுண்டு. சில காலம் வாட்டும், பலருக்குத் தானாகவே தணியும், மறுபடியும் கிளம்பும். தணிகிற சமயத்தில் நோயாளி எதைச் செய்திருந்தாலும் அதற்கே பெயர் கிடைத்துவிடும். சூரணம் தின்றவன் சூரணம் என்பான். மந்திரித்துக்கொண்டவன் மந்திரம் என்பான். ஊசி போட்டுக்கொண்டவன் ஊசி என்பான். மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மூவருக்கும் உண்மை தெரியாது.

அப்படியானால் உண்மையைக் கண்டுபிடிப்பது எப்படி? இங்கிலாந்தில் டிரூலவ், விட்ஸ் என்னும் வைத்தியர்கள் 1955-ல் வழி காட்டினார்கள். பெருங்குடல் புண்ணால் அவதிப்பட்ட 210 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கார்ட்டிசோன் மருந்தும், மற்றதற்கு அதுபோலவே தோன்றும் வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். எது யாருக்கு என்பது நோயாளிக்குத் தெரியாது. முடிவில் மருந்து தின்றவர்களில் 100-க்கு 41 பேருக்கு நோய் அடங்கிற்று. வெறும் மாத்திரை தின்றவர்களிலும் 100-க்கு 16 பேருக்கு அடங்கிற்று! அந்த 16 பேரை நன்றாக யோசித்துப் பாருங்கள். ஊர்தோறும் உள்ள "கைகண்ட மருந்து"களுக்குச் சாட்சி சொல்லுகிறவர்கள் இப்படிப்பட்டவர்கள்தானே?

பிறகு 1997-ல், அழற்சியைத் தூண்டும் ஒரு பொருளைத் தடுக்கும் இன்பிளிக்சிமாப் என்னும் மருந்தைக் குரோன் வியாதிக்காரர்களிடம் பரீட்சித்தார்கள். நான்கு வாரத்தில், மருந்து ஏற்றியவர்களில் 100-க்கு 65 பேரும், மருந்தில்லாத திரவம் ஏற்றியவர்களில் 17 பேரும் தேறினார்கள். மறு வருஷமே அமெரிக்க அரசாங்கம் அதை அனுமதித்தது.

நிற்க. ஆராய்ச்சி என்றால் எல்லாம் ஜெயமே என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அழற்சியைத் தூண்டும் வேறொரு பொருளைத் தடுக்கச் செகுகினுமாப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். கணக்கெல்லாம் சரியாகவே தோன்றிற்று. ஆனால் 59 பேரிடம் நடந்த பரீட்சையில், மருந்து பெற்றவர்களின் நிலைமை பெறாதவர்களைவிட மோசமாயிற்று. அதை மூடி மறைக்காமல் 2012-ல் அச்சிட்டு வெளியிட்டார்கள். அந்த மருந்து பிறகு தோல் வியாதி ஒன்றுக்குப் பயன்பட்டது. கார்ட்டிசோனும் நோயை அடக்குமே தவிர, மறுபடி வராமல் தடுக்காது என்பதையும், நெடுநாள் தின்றால் எலும்பைக் கெடுக்கும் என்பதையும் வைத்தியர்களேதான் சொன்னார்கள்.

இவ்வியாதியை அடியோடு ஒழிக்கும் மருந்து இன்னும் இல்லை. அடக்கி வைக்கும் மருந்துகள் பல உண்டு. ஆகவே, மலத்தில் இரத்தம் கண்டால் வெட்கப்படாமல் டாக்டரிடம் போங்கள். சற்றுத் தேறியதும் நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். "இதோ பூரண குணம்" என்று யார் வந்தாலும், அவர் கோட்டுப் போட்டவராயினும் காவி கட்டியவராயினும், "எத்தனை பேருக்குக் கொடுத்தீர்? கொடுக்காத அதே மாதிரி நோயாளிகள் என்னவானார்கள்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் கிடைக்கும்வரை பணப்பையை அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லி இதை முடித்துக்கொள்ளுகிறோம்.