எபிரேயம் பேசக் கற்றல்



பல நூற்றாண்டுகள் வழிபாட்டிலும் ஏட்டிலுமே பெரிதும் வழங்கிய எபிரேயத்தை, 1881-இல் எருசலேமில் குடியேறிய எலியேசர் பென் யெகூதா தம் இல்லப் பேச்சாக்கினார். 1949-இல் அந்நகரில் தோன்றிய ‘உல்பான்’ வகுப்பில், பன்னாட்டிலிருந்தும் வந்தோர் எபிரேயத்திலேயே பேசிப் பயின்றனர்.

‘ஷாலோம்’ என வணங்கி, ‘தோடா’ என நன்றி கூறுதல் தொடக்கம். ‘நான் பேசுகிறேன்’ என்பதை ஆண் ‘அனி மெதபேர்’ என்றும், பெண் ‘அனி மெதபேரெத்’ என்றும் கூறவேண்டும். ‘போல்தா, போல்தீ’ எனும் இந்தி பழகிய நமக்கு இது புதிதன்று. எழுத்தோ வலமிருந்து இடம் செல்வது. உயிர்க்குறிகள் பெரும்பாலும் இடப்பெறா. ஆகவே செவியே ஆசான்.

ஏடு மொழியைக் காத்துவைக்கும். வாழவைப்பது வீட்டுப் பேச்சே. வேற்றூரில் வளரும் நம் மக்களுக்குத் தமிழும் செவிவழியே சேரவேண்டும். ஆதலால் இல்லத்தில் அவர்களுடன் நாம் தமிழே பேசுவோமாக!