சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்

(பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



வெளிநாட்டுப் பயணம் இல்லாத வீடு நம் மஹல்லாவில் குறைவு. விடுமுறை முடிந்து வாப்பா புறப்படும் நாளில், பிள்ளை அழுமே என்று அதைத் தூங்கவைத்துவிட்டு நள்ளிரவில் கிளம்புவது பல வீடுகளில் வழக்கம். காலையில் தேடும் பிள்ளைக்கு, "கடைக்குப் போயிருக்காங்க" என்று பதில். அன்றைய அழுகை மிச்சம்தான். ஆனால் கண்ணை மூடினால் ஆள் காணாமல் போய்விடுவார் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. பிறகு உம்மாவின் முந்தானையை அது விடுவதில்லை.

பிரிவுக்கு அஞ்சுவது குழந்தையின் இயல்பு. ஏறக்குறைய 8 மாதத்தில் தொடங்கும். ஒன்று, ஒன்றரை வயதில் மிகும். 3 வயதை ஒட்டித் தணியும். பள்ளி செல்லும் வயதிலும் தனியே தூங்க மறுப்பது, பெற்றோருக்கு ஏதோ ஆகிவிடும் என்று கெட்ட கனவு காண்பது, பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி வருவது, இவை 4 வாரங்களுக்கு மேல் நீடித்தால் கவனிக்க வேண்டும். முதலில் டாக்டரிடம் காட்டி, உடலில் நோயில்லை என்று உறுதி செய்யுங்கள். அந்த வலி நடிப்பல்ல. அச்சம் வலியாகவே வரும். அடித்தால் தீராது. வீட்டிலேயே வைத்துக்கொண்டாலும் தீராது, அச்சம் வளரும்.

பிரிவைச் சிறிது சிறிதாகப் பழக்குவதே வழி. முதலில் அடுத்த அறையில் 5 நிமிடம், பிறகு பக்கத்து வீடு வரை, பிறகு பெரியம்மா வீட்டில் அரை நாள். மணி பார்க்கத் தெரியாத பிள்ளையிடம், "அஸர் பாங்கு சொன்னதும் வந்துவிடுவேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி வாருங்கள். ஸலாம் சொல்லிச் சுருக்கமாக விடைபெறுங்கள். பயணம் போகும் வாப்பா ஒரு வாரம் முன்பே சொல்லட்டும். போனில் பேசும் நாளையும் நேரத்தையும் காலண்டரில் குறித்துக் கொடுக்கட்டும்.

பெரியவர்களுக்கும் இது உண்டு. 18 வயதுக்குப் பிறகும் இந்நோய் தொடங்கலாம் என்பதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013-இல் ஏற்றுக்கொண்டது. மகன் ஒருமுறை போனை எடுக்காவிட்டால் சோறு இறங்காத தாய், மனைவி வெளியே போனால் நிலைகொள்ளாத கணவர் என்று பார்க்கிறோம். 6 மாதமாக இப்படி இருந்து, தூக்கமும் வேலையும் கெட்டால் மருத்துவரை நாடுங்கள்.

"ஈமான் உறுதியாக இருந்தால் இது வருமா?" என்று சிலர் கேட்கிறார்கள். யூசுஃப் நபியைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதைக் குர்ஆன் சொல்கிறது. அவர்களின் ஈமானில் குறை சொல்வோமா? துஆ செய்யுங்கள், ஓதிப் பாருங்கள், மருத்துவமும் செய்யுங்கள். பெரும்பாலும் பேச்சு வழிச் சிகிச்சையில்தான் தொடங்குவார்கள். அச்சம் கடுமையாக இருந்தால் மாத்திரையும் தருவார்கள். அரசின் டெலி மனஸ் எண்ணான 14416-இல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

விடைபெறும்போது பிள்ளை அழட்டும்; அதில் கெடுதல் இல்லை. போனவர் சொன்னபடி பேசுவார், திரும்பி வருவார் என்ற நம்பிக்கை அதன் மனதில் இருக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் மன அமைதியைத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.