கடல் கடந்த தாளிகையும் அயர்லாந்து நிலப்போரும்



தாய்நிலம் விட்டுப் பெயர்ந்தோர் நடத்தும் தாளிகை, அந்நிலத்துக் கிளர்ச்சியைக் கரையில் நின்று காண்பதும் உண்டு. உள்ளிறங்கிப் போராடுவதும் உண்டு. நியூயார்க்கில் 1870-இல் தோன்றிய 'ஐரிசு வேர்ல்டு' என்னும் கிழமையிதழ் இரண்டாம் வகையது. அதன் ஆசிரியர் பேத்திரிக்கு போர்டு, 1837-இல் அயர்லாந்தின் கால்வேயில் பிறந்து, சிறுவயதிலேயே பாசுடன் நகர்க்குச் சென்றவர். அடிமையொழிப்புக்காகக் காரிசன் நடத்திய 'லிபரேட்டர்' அச்சகத்தில் தொழில் பயின்றவர். உழைப்பவன் பக்கமே அறத்தின் பக்கம் என்னும் பிடிப்பு அங்கேதான் வேரூன்றியது போலும்.

1879 அக்டோபரில் டப்ளினில் நிலக்கழகம் அமைந்தது. பார்னெல் தலைவர், அதற்கு உயிரூட்டியவர் மைக்கேல் தாவித்து. குத்தகை கட்ட இயலாத உழவர்கள் குடிசையினின்று தெருவுக்குத் துரத்தப்பட்ட காலம் அது. 'ஐரிசு வேர்ல்டு' செய்தி தந்ததோடு அமையவில்லை, நிதி திரட்டியது. சுரங்கத் தொழிலாளி, இருப்புப்பாதைக் கூலி, வீட்டுவேலைப் பெண் என எளியோர் ஈந்த சிறுதொகைகளைப் பெயரோடு கிழமைதோறும் அச்சிட்டது. செல்வர் படத்தையே முகப்பில் இடும் தாளிகைகள் இதனை எண்ணிப் பார்க்கட்டும்! வாசகர் பணத்தால் இதழின் படிகள் அயர்லாந்து ஊர்களுக்கும் விலையின்றிச் சென்றன. நிலவரிக் கொள்கையால் புகழ்பெற்ற என்றி சியார்சு, 1881-இல் இவ்விதழின் செய்தியாளராகவே அயர்லாந்து சென்றார். மறு ஆண்டில் அங்கே இருமுறை தளைப்படுத்தப்பட்டார்.

1881 அக்டோபரில் பார்னெல் சிறைப்பட்டார். குத்தகையே கொடாதீர் என்னும் அறிக்கை எழுந்தது; கழகம் தடைசெய்யப்பட்டது. 1882 மே திங்களில் அரசோடு உடன்பாடு கண்டு அவர் வெளிவந்தார். நிலுவையில் தவித்த உழவர்க்கு உதவி, கிளர்ச்சிக்குத் தணிவு: இதுவே உடன்பாட்டின் சாரம். போர்டு அதனை ஏற்கவில்லை. நிலமே உழவனுக்கு என்று எழுதிய கை, நிலுவைத் தள்ளுபடியை வெற்றியென்று எழுதுமா? அவ்வாண்டிலேயே நிதித் திரட்டலையும் நிறுத்திக்கொண்டார். கடலுக்கு அப்பாலிருந்த ஆசிரியர்க்குக் குடிசை இழக்கும் அச்சம் இல்லை. பார்னெலோ அவ்வச்சத்தில் வாழ்ந்தோரின் தலைவர். இவ்வேறுபாட்டை இதழ் போதிய அளவு உணர்ந்ததாகத் தோன்றவில்லை. ஆயினும், தலைவர் சொன்னார் என்பதற்காகக் கொள்கையை மடித்துவைக்கும் தாளிகைகளினும் அது மேலானதே.

ஒரு குறை நெஞ்சை உறுத்துகிறது. இத்துணை வீறும் ஆங்கிலத்திலேயே பேசியது. அக்குறையை உணர்ந்தவர் புரூக்ளின் பள்ளியாசிரியர் மீக்கால் ஓ லோக்கான். 1881-இல், நிலப்போர் உச்சத்தில் இருந்தபோதே, ஐரிசு மொழிக்கென 'அன் கேல்' என்னும் இருமொழித் திங்களிதழைத் தொடங்கினார். டப்ளினில் கேலிக்குக் கழகம் தோன்றியது அதற்குப் பன்னீராண்டு கழித்தே, 1893-இல்.