நடிகர் பேர் ஏட்டில் ஏறும். உழுதவன் பேர் ஏறாதா?

(ஆலங்குளம் தாலுகா அலுவலகம் முன்பு நடந்த ஆர்ப்பாட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே, அண்ணாச்சிமார்களே, பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! விடியக்காலையில மார்க்கெட்ல வெங்காயத்தையும் தக்காளியையும் இறக்கிட்டு அப்படியே இங்க வந்தவங்க பாதிப் பேர். அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன்.

இந்த நாட்டில் விவசாயி என்பவன் யார்? இதுதான் இன்றைய கேள்வி.

மகாராஷ்டிராவில் ஒரு சட்டம் உண்டு. விவசாயியாக இருப்பவர்தான் விவசாய நிலம் வாங்கலாம். நல்ல சட்டம்தான். இந்தி நடிகர் அமிதாப் பச்சன் புனே பக்கம் மாவல் பகுதியில் நிலம் வாங்கினார். நீங்க விவசாயியா என்ற கேள்வி வந்தது. உத்தரப்பிரதேசத்தில் பாராபங்கி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அவர் பேரில் நிலம் இருப்பதாக வருவாய்த்துறைப் பதிவு காட்டப்பட்டது. அந்தப் பதிவே போலி என்று 2007 ஜூனில் பைசாபாத் வருவாய் நீதிமன்றம் சொன்னது. அதே வருஷம் டிசம்பரில், அவர் மோசடி செய்யவில்லை என்று சொல்லி உயர்நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு அவருக்கு நிவாரணம் கொடுத்தது. நியாயமாகப் பேசணும்னா ரெண்டையும் சொல்லணும், சொல்லிட்டேன்.

அந்தப் பதிவை எழுதினது யார்னு நாம இங்க தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஒண்ணு மட்டும் யோசிச்சுப் பாருங்க. சினிமாவில் நடிக்கிறவர் பேர் நில ஏட்டில் ஏறி உட்காருது. ஏர் பிடிச்சவன் பேர் ஏறமாட்டேங்குது. ஏன்?

நம்ம ஊர் நிலைமை உங்களுக்குத் தெரியும். தாத்தா பேரில் பட்டா. தாத்தா போய் முப்பது வருஷம். அவருக்கு நாலு பிள்ளைகள், பேரன்மார் பதினோரு பேர். ஒருத்தர் மும்பையில, ஒருத்தர் திருப்பூர்ல. கையெழுத்து வாங்க ஆளைப் பிடிக்க முடியாது. ஊரோடு இருந்து கிணத்துல தூர் வாரி, கத்தரி போட்டு, மிளகாய் போட்டு மண்ணைக் காப்பாத்துறவன் பேரில் சிட்டா இல்லை. வாரிசுச் சான்றுக்கு ஒரு நடை. உட்பிரிவு செய்ய சர்வேயருக்கு ஒரு நடை. "வி.ஏ.ஓ. மீட்டிங் போயிருக்காரு", "நெட் வேலை செய்யல", "ஆர்.ஐ. கையெழுத்து இல்ல". செருப்பு தேஞ்சதுதான் மிச்சம்.

அந்தச் சிட்டா இல்லாட்டி என்ன ஆகும்? சிறு குறு விவசாயி சான்று கிடையாது. அது இல்லாட்டி சொட்டுநீருக்கு முழு மானியம் கிடையாது. மத்திய அரசு 2019-ல் ஆரம்பித்த வருஷம் 6,000 ரூபாய் திட்டத்தில், தன் பேரில் நிலம் உள்ளவருக்குத்தான் பணம். குத்தகைக்கு உழுபவருக்கு ஒரு பைசா கிடையாது. பயிர் கருகினால் நஷ்டம் உழுதவனுக்கு. நிவாரணம் பட்டா வைத்திருப்பவருக்கு. இதுதானய்யா நியாயம்?

பணக்காரர்களுக்கு விவசாயி என்ற பேர் எதுக்கு? காரணம் இருக்கு. விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. நம்மைக் காப்பாத்தப் போட்ட சலுகை அது. நமக்கோ வரி போடுற அளவுக்கு வருமானமே வந்ததில்லை. சலுகை நம்ம பேரில், பலன் வேற யாருக்கோ.

வரி என்று சொன்னதும் இன்னொன்று. கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கருக்கு ஃபெராரி கார் பரிசாக வந்தது. அவர் ஆட்டத்தை நாமும் டீக்கடையில் நின்னு பார்த்துக் கை தட்டினவங்கதான். அதில் குறை இல்லை. ஆனால் அந்தக் காருக்குச் சுங்கவரி ஒரு கோடி ரூபாய்க்கு மேல். 2003-ல் மத்திய அரசு அதைத் தள்ளுபடி செய்தது. பொதுநல வழக்குப் போட்டார்கள், டெல்லி உயர்நீதிமன்றம் விளக்கம் கேட்டது. கடைசியில் கார் கம்பெனியே வரியைக் கட்டியது.

நம்ம தமிழ்நாட்டிலும் நடந்தது. வெளிநாட்டுக் காருக்கு நுழைவு வரி கேட்டதை எதிர்த்து நடிகர் தனுஷ் 2015-ல் சென்னை உயர்நீதிமன்றம் போனார். பாதி வரி கட்டினார், மீதிப் பாதி வழக்கில் நின்றது. 2021 ஆகஸ்டில் நீதிபதி, ஐம்பது ரூபாய்க்குப் பெட்ரோல் போடுற பால்காரரும் வரி கட்டுகிறார், என்னால் முடியாது என்று அவர் கோர்ட்டுக்கு வந்தாரா என்ற அர்த்தத்தில் கேட்டார். மீதி 30 லட்சத்துச் சொச்சத்தை 48 மணி நேரத்தில் கட்டச் சொன்னார்.

அந்தப் பால்காரர் யார்? நாமதான்! 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து பூச்சிமருந்துக்கு 18 சதவீதம் வரி கட்டிட்டுத்தான் செடிக்கு மருந்து அடிக்கிறோம். தள்ளுபடி பண்ணுங்கன்னு நாம மனு எழுதினா, அந்த மனுவுக்கு ரசீதாவது கிடைக்குமா?

ரொம்ப தூரம் போக வேண்டாம். நம்ம குற்றாலத்துக்கே வாங்க. ஐந்தருவிக்கு மேலே, தோட்டக்கலைத் துறை வளாகத்தில் பழத்தோட்ட அருவி இருக்கு. அதுக்கு ஜனங்க வச்ச பேர் வி.ஐ.பி. அருவி! சீசனில் நாம போலீஸ் விசிலுக்குப் பயந்து கூட்டத்தோட கூட்டமா தலையை நனைச்சிட்டு ஓடி வருவோம். பெரிய மனுசருக்குத் தனி அருவி. தண்ணி ஒரே மலைத் தண்ணி, சாரலும் ஒரே சாரல்.

தோழர்களே, நான் யாரையும் திட்டுவதற்காக இதையெல்லாம் சொல்லவில்லை. புகழ் உள்ளவன் கேட்டால் அரசாங்கக் கதவு உடனே திறக்குது. நமக்குத் திறக்காது. ஆனால் அந்த ஃபெராரி கார் விஷயத்தைத் திரும்பிப் பாருங்க. யாரோ கேள்வி கேட்டாங்க, வரி கட்டப்பட்டது. கேள்வி கேக்காம இருந்திருந்தா அந்தப் பணம் அப்படியே போயிருக்கும். கேட்டால்தான் நடக்கும். தனியாகக் கேட்டால் "நாளைக்கு வா". கூட்டமாகக் கேட்டால் "உள்ளே வாங்க". இதுதான் சங்கத்தின் பலம்.

ஆகவே நம்முடைய கோரிக்கை மூன்று.

ஒன்று: ஒவ்வொரு பிர்காவிலும் வாரிசுப் பட்டா முகாம் நடத்த வேண்டும். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., சர்வேயர் மூவரும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும்.

இரண்டு: குத்தகை விவசாயிகளைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் போட்டாச்சு. அதன்படி உழுகிறவர் பேரைப் பதிவேட்டில் எழுத வேண்டும். நிவாரணம் அவர் கைக்குப் போக வேண்டும்.

மூன்று: கொடுக்கும் மனுவுக்குத் தேதி போட்டு ரசீது வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

இதில் தானம் கேட்பது எதுவுமில்லை, தள்ளுபடியும் கேட்கவில்லை. எங்க பேரை எங்க மண்ணுக்கு நேரா எழுதுங்கன்னுதான் கேட்கிறோம்.

தாசில்தார் ஐயா மனுவை வாங்கித் தேதி சொல்லும் வரை யாரும் கலைய வேண்டாம். தண்ணீர்ப் பந்தல் போட்டிருக்கு, வயசானவங்க நிழலில் உட்காருங்க. ஆதார், பழைய தீர்வை ரசீது, கிடைத்தால் தாத்தா காலத்துப் பத்திரம், எல்லாத்துக்கும் நகல் எடுத்துச் சங்கத் தோழர்களிடம் கொடுங்க. ஒருத்தர் பேரும் விடுபடக்கூடாது.

உழுதவன் பேரை ஏட்டில் எழுது!
உழவர் ஒற்றுமை ஓங்குக!