குழந்தையிடம் எப்படிக் கேட்கிறோம்?



தானியேல் நூலின் 13-ஆம் அதிகாரத்தில் சூசன்னாவைச் சந்திக்கிறோம். முதியோர் இருவர் சொன்ன பொய்யை நம்பி, மக்கள் அவருக்குச் சாவுத் தீர்ப்பு அளித்துவிட்டனர். இளைஞர் தானியேல் அந்த இருவரையும் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர் என்று தனித்தனியே கேட்டார். பதிலைத் தனக்குள் ஒளித்து வைக்காத கேள்வி அது. உண்மை வெளிவந்தது.

ஒரு குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருக்கலாம் என்ற ஐயம் எழும்போதும் இப்படித்தான். பெரும்பாலும் காயமோ, கண்ட சாட்சியோ இருப்பதில்லை. குழந்தையின் சொல் மட்டுமே இருக்கும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி மீது 1983-இல் புகார் எழுந்தது. நூற்றுக்கணக்கான சிறுவர்களிடம், பொம்மைகளை வைத்து, பதிலைத் தூண்டும் கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். 1990-இல் எவருக்கும் தண்டனையின்றி வழக்கு முடிந்தது. அந்தக் குழந்தைகளுக்கு ஏதேனும் நேர்ந்ததா என்பதைப் பிரித்தறியவே வழியில்லாமல் போயிற்று.

பின்னர் மைக்கேல் லாம்ப் என்னும் உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் அங்கே ஒரு நேர்காணல் முறையை வகுத்தார்கள். அதை என்.ஐ.சி.எச்.டி. நெறிமுறை என்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம் எனக் குழந்தைக்கு முதலில் கற்றுத் தருகிறார்கள். பிறந்தநாள் போன்ற ஒரு நிகழ்ச்சியைச் சொல்லச் செய்து பழக்குகிறார்கள். பிறகுதான், "நடந்ததை முதலிலிருந்து சொல்லம்மா", "அப்புறம் என்ன நடந்தது?" என்று கேட்கிறார்கள். "மாமா உன்னைத் தொட்டாரா?" என்று தொடங்குவதில்லை.

நம் நாட்டின் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டமும் குழந்தையின் அச்சத்தை எண்ணிப் பார்க்கிறது. வாக்குமூலம் வாங்கும் காவல் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. குழந்தையின் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ கேட்க வேண்டும்.

அப்படியானால் நம் கடமை என்ன? துருவிக் கேட்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை. நாம் பதறாமல் செவிகொடுப்போம். "நீ சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை" என்போம். குழந்தை சொன்ன சொற்களை அப்படியே எழுதி வைப்போம். வீட்டுக்கு வரும் ஒவ்வொருவர் முன்னும் அதைத் திரும்பச் சொல்ல வைக்க வேண்டாம். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். ஏனெனில் காவல்துறைக்குத் தெரிவிப்பது சட்டப்படி நம் கடமை. 1098 என்னும் எண்ணில் உதவி கிடைக்கும்.

குற்றம் சாட்டப்படுபவர் உறவினரானாலும், ஆசிரியரானாலும், குருவானவரே ஆனாலும் இதில் மாற்றமில்லை. குடும்ப மானத்துக்காகவும் பங்கின் பெயருக்காகவும் ஒரு குழந்தையின் வாயை அடைப்போமானால், சிறுவர்களை அரவணைத்த ஆண்டவரின் முகத்தை நாம் எப்படிப் பார்ப்போம்?

பொறுமையோடு செவிகொடுக்கும் இதயத்தை இறைவன் நமக்கு அருள்வாராக. ஆமென்.