பழைய வீடும் புதிய மின்கம்பியும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டில். 1937இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரியும் தாம்பரத்திற்கு வந்து சேர்ந்தது. இருப்புப் பாதையை ஒட்டிப் பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர் என்று குடியிருப்புகள் பெருகின. அக்காலத்து வீடுகளில் சில இன்றும் நிற்கின்றன. பாட்டனார் கட்டிய வீட்டை இடிக்க மனம் வராத பேரப்பிள்ளைகள் அதைப் புதுப்பித்து வாழ விரும்புகிறார்கள், நல்ல விருப்பந்தான். ஆனால் தரைக்கும் வண்ணத்திற்கும் காட்டும் கருத்தை அவர்கள் மின்கம்பிக்குக் காட்டுவதில்லை. கண்ணில் படாத பொருள் அன்றோ அது!

அப்படிப்பட்ட வீடொன்றில் பழைய சுவிட்சு ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். மெயினை அணைத்துவிட்டு, மின் பணியாளர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டுதான். சுவர்மேல் தேக்குப் பட்டி; அதன்மேல் ரப்பர் உறையிட்ட கம்பி. எத்தனையோ கோடைகளைக் கண்ட அந்த ரப்பர் விரல் பட்டதும் பொடியாக உதிரும். உள்ளே செம்பு நன்றாகத்தான் இருக்கும். அதைப் போர்த்திய ஆடைதான் போய்விட்டது.

அந்தக் கம்பி எதற்காகப் போடப்பட்டது? அறைக்கு ஒரு விளக்குக்காக. 60 வாட் விளக்கு 230 வோல்ட்டில் ஏறத்தாழ கால் ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். இன்று அதே கம்பியின் நுனியில் 2000 வாட் வெந்நீர்க் கருவியை மாட்டுகிறோம். மின்னோட்டம் முப்பத்து மூன்று மடங்காகிறது. கம்பியில் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வது. ஆகவே அது ஆயிரம் மடங்கைத் தாண்டிவிடுகிறது. குளிர்நாடுகளில் தரைக்கு அடியில் மின்கம்பியைப் பதித்து, இதே வெப்பத்தால் வீட்டைக் கதகதப்பாக்குகிறார்கள். கொரிய நாட்டார் பண்டைக்காலம் முதல் அடுப்பின் புகையையே தரைக்கு அடியில் செலுத்தி அப்பயனைப் பெற்றார்கள். வெயிலுக்குக் குறைவில்லாத தாம்பரத்தில் நாம் கேளாமலே அவ்வெப்பம் நம் சுவர்களில் பிறக்கிறது. அதுவும் உறை உதிர்ந்த கம்பியில், காய்ந்த தேக்குப் பட்டியின் மேல்! விளக்குகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். வெந்நீர்க் கருவிக்கோ 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் தனிச் சுற்று வேண்டும்.

இதைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. மாணவ நேயர்கள் இதைக் கருத்தூன்றிக் கேட்க வேண்டுகிறேன். பழைய வீடுகள் பலவற்றில், 'எர்த்' என்று நாம் வழங்கும் தரையிணைப்பைத் தண்ணீர் வரும் இரும்புக் குழாயில் கட்டிவிடுவது வழக்கமாக இருந்தது. குழாய் மண்ணுக்குள் சென்றதால் மின்கசிவு அதன் வழியே தரைக்குப் போயிற்று. வீட்டைப் புதுப்பிக்கும்போது குழாய்ப் பணியாளர் வந்து, துருப்பிடித்த குழாயை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் பதிக்கிறார். அவர் பணியில் குறையேதும் இல்லை. ஆனால் அந்த நாளோடு வீட்டின் தரையிணைப்பு அறுந்துபோகிறது. விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, யாருக்கும் ஒன்றும் தெரிவதில்லை. பின்னொரு நாள் சலவை இயந்திரத்தின் உட்கம்பி பழுதாகி அதன் இரும்புப் பெட்டியைத் தொடும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் இல்லத்தரசியின் கை அந்தப் பெட்டியில் படும். நனைந்த உடலின் தடை ஏறத்தாழ 1000 ஓம் எனக் கொண்டால், ஓம் விதிப்படி 230 மில்லி ஆம்பியர் பாயும். 100 மில்லி ஆம்பியர் ஓரிரு நொடி பாய்ந்தாலே இதயத் துடிப்பு நிலைகுலைந்து உயிர் போகக்கூடும்.

ஆகையால் புதிய தரையிணைப்புக்கென்று தனிக் குழி தோண்ட வேண்டும். இங்கே நம் பகுதியின் பாறை குறுக்கிடுகிறது. பல்லாவரத்துக் குன்றுகளின் கருங்கல் சாதாரணக் கல் அன்று. 1893இல் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் 'சார்னகைட்' என்று பெயரிட்ட வகை அது. கல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் கல்லறையை மூடிய கல்லும் அவ்வகையே. கட்டடத்திற்கு உகந்த அந்தக் கல் மின்சாரத்திற்கு வழிவிடாது. மண் வழியாக மின்னோட்டம் திரும்பும் பாதையின் தடை 5 ஓம் என்றால், பழுதின்போது 46 ஆம்பியர் பாய்ந்து ஃபியூஸ் உடனே உருகும். 50 ஓம் என்றால் 4.6 ஆம்பியர்தான், 15 ஆம்பியர் ஃபியூஸ் உருகாது, பெட்டியில் மின்சாரம் நீடிக்கும். பாறை இல்லாத, ஈரம் நிற்கும் இடமாகக் கிணற்றோரத்தில் தோண்டி, குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் இட்டு, கோடையில் நீரும் ஊற்றி வர வேண்டும். தடையைக் கருவி கொண்டு அளந்து பார்க்கவும் வேண்டும்.

அதன் பிறகும் ஒரு காவலன் தேவை. 'ஆர்.சி.சி.பி.' என்னும் சிறு பெட்டி, வீட்டிற்குள் போகும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் ஓயாமல் ஒப்பிடுகிறது. இரண்டிற்கும் 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு கண்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். பழைய கம்பிகளை அப்படியே விட்டுவிட்டு இதை மட்டும் பொருத்தினால், மழைநாட்களில் அடிக்கடி அணையும். உடனே, "பெட்டி சரியில்லை, எடுத்துவிடுங்கள்" என்பார்கள். எடுக்கவே கூடாது! கசிவு உண்டு என்றல்லவா அது சொல்கிறது?

கம்பி செல்லும் வழியைப் பற்றியும் ஒரு சொல். தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் பிணைத்த 'மெட்ராஸ் டெரஸ்' கூரையைக் குடையலாகாது. உத்தரத்தின் ஓரமாகவே குழாயில் கம்பியைக் கொண்டுபோகலாம். சுவரில் காடி வெட்டுவதானால் மேலிருந்து கீழாகவே வெட்ட வேண்டும். குறுக்கே நீள வெட்டினால் சுவர் வலுவிழக்கும்.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தாழ்ந்த இடத்தில் வீடு உள்ளவர்கள் பிளக்குகளையும் மெயின் பலகையையும் அந்த நீர்மட்டத்திற்கு மேலே ஏற்றி அமைப்பது நல்லது. கீழ்த்தளத்திற்கும் மாடிக்கும் தனித்தனிச் சுற்றுகள் இருந்தால், நீர் வாசலுக்கு வருமுன் கீழ்த்தளத்தை மட்டும் அணைத்துவிட்டு, மாடியில் விளக்கு எரிய இருக்கலாம்.