மாட்டுக்கறி இல்லாத பர்கர்



எனக்குக் கறி என்றால் உயிர். பர்கர் கடை, பொரித்த கோழிக் கடை எதையும் விட்டதில்லை. அமெரிக்காவில் பர்கர் என்றாலே மாட்டுக்கறிதான். அதை விற்று வளர்ந்த மெக்டொனால்ட்ஸ் 1996இல் டெல்லியில் கடை திறந்தபோது மாட்டையும் பன்றியையும் விலக்கியது. பிக் மேக் இடத்தில் ஆட்டுக்கறி வைத்த மகாராஜா மேக் வந்தது. சைவத்துக்குத் தனிச் சமையலிடம், தனி ஆட்கள்.

யார் மனமும் நோகக்கூடாதாம். மாட்டுக்கறி தின்னும் நம் மனம் எந்தக் கணக்கில்?

தனியார் வியாபாரம் என்று விடுவோம். 2022இல் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது மாவட்ட நிர்வாகம். மாட்டுக்கறி பிரியாணிக்கு அங்கும் இடமில்லை. நம் வரிப்பணத்தில் நடக்கும் விழாவிலுமா விலக்கு? எதிர்ப்பு கிளம்பியதும், மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளிவைத்தார்கள்.

தீண்டாமைக்கும் மாட்டுக்கறிக்கும் உள்ள உறவை அண்ணல் அம்பேத்கர் 1948இலேயே நூலாக எழுதினார். சேரியைத் தள்ளிவைத்த அதே காரணம் இன்று குளிர்சாதனக் கடையின் விலைப்பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது.

கோழி பர்கர் தின்னுங்கள், நானும் தின்பேன். ஆனால் 'எல்லோருக்குமான உணவு' என்று யார் சொன்னாலும், அந்த எல்லோரில் நாம் உண்டா என்று கேளுங்கள். அரசே சொன்னால், பதில் வரும்வரை விடாதீர்கள்.